இரண்டாவது காவல் சிலைடு

எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு காவல் சிலைடு செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. எனக்குத் தெரிந்து மற்ற இடங்களில் ஒன்றுதான் செய்கிறார்கள். நான் ஓய்வு பெற்றபோது ஆய்வகத்துப் பிள்ளைகள் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வித்யா என்கிற புது டெக்னீஷியன் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"வசந்தியக்கா, ஒரு காவல் சிலைடு போதாதா? ரெண்டாவது செய்யறதுக்கு அரை மணி நேரம் வேஸ்ட் லா. இப்பல்லாம் எந்தப் புரதம் உள்ள போகும்னு கம்ப்யூட்டரே சொல்லிடுது."

"முதல்ல சாப்பிடு, அப்புறம் சொல்றேன்" என்றேன். மோர் வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது, நான் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. முப்பத்தொரு வருடம் வேலை செய்தவள், 'வசந்தி கை பட்டால் தப்பாது' என்று பெயர் வாங்கியவள், அந்தப் பெயரைத் தானே கெடுத்துக்கொள்வது அவ்வளவு சுலபமா? அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். நான் பாலிடெக்னிக்கில் படித்தேன், ஒரு மருத்துவமனையில் நான்கு வருடம் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டினேன், பிறகு இந்த ஆய்வகத்துக்கு வந்தேன். அதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தவறு புரியாது.

நம் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் உட்கரு இருக்கிறது. மரபுச் செய்தி எல்லாம் அதற்குள்தான். ஆனால் புரதங்கள் உருவாவது உட்கருவுக்கு வெளியே. உள்ளே வேலை இருக்கிற புரதம் உட்கருவின் சவ்வில் உள்ள துளைகள் வழியாகத்தான் போக முடியும். சின்னவை தாமாகவே நுழைந்துவிடும். பெரியவற்றைத் துளை விடாது. பெரிய புரதத்தின் உடம்பிலேயே ஒரு சிறிய அடையாளப் பகுதி இருக்கும். அந்த அடையாளத்தைத் தெரிந்துகொண்டு, சுமந்து செல்வதற்கென்றே இருக்கிற வேறொரு புரதம் அதைப் பிடித்து, துளை வழியாக உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும். அடையாளம் கெட்டுப்போனால் புரதம் வெளியிலேயே கிடக்கும்.

இதைக் கண்ணால் பார்ப்பதுதான் என் வேலை. கண்ணாடித் துண்டில் செல்களை வளர்ப்போம். அதன்மேல் டிஜிட்டோனின் கரைசலை ஐந்து நிமிடம் ஊற்றி வைப்போம். அது ஒரு செடியிலிருந்து எடுக்கிற பொடி. செல்லின் வெளிச்சவ்வை ஓட்டையாக்கும், உட்கருவின் சவ்வைத் தொடாது. பிறகு கழுவிவிட்டு, சுமக்கும் புரதங்களையும், சக்திக்கு வேண்டியதையும், பச்சையாக ஒளிரும்படி செய்த நம்முடைய புரதத்தையும் ஊற்றி, உடல் சூட்டில் அரை மணி நேரம் வைப்போம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உட்கரு பச்சையாக இருக்கும், அல்லது கறுப்பாக இருக்கும். பச்சை என்றால் புரதம் உள்ளே போயிருக்கிறது.

எல்லாம் அந்த டிஜிட்டோனின் அளவில்தான் இருக்கிறது. கொஞ்சம் கூடினால் உட்கருச் சவ்வும் கிழிந்துவிடும். கிழிந்தால் அடையாளம் உள்ளது, இல்லாதது எல்லாம் உள்ளே கொட்டும். பார்ப்பதற்குப் பிரமாதமான பச்சையாக இருக்கும், அத்தனையும் பொய். செடியிலிருந்து வருகிற பொருள் என்பதால் குப்பிக்குக் குப்பி அதன் வேகம் மாறும். ஆகவே இரண்டு காவல் வைத்திருந்தோம். ஒன்று, புதிய குப்பி வந்தால் அரை நாள் ஒதுக்கி, எவ்வளவு நீர் கலந்து பயன்படுத்துவது என்று சோதித்து, பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இன்னொன்று, காவல் சிலைடு. அதில் நம்முடைய புரதத்துக்குப் பதிலாக, துளையில் நுழையவே முடியாத ஒரு பெரிய மூலக்கூறைச் சிவப்பு ஒளியுடன் விடுவோம். உட்கரு கறுப்பாக இருந்தால் சவ்வு பத்திரம். சிவப்பாக இருந்தால் அன்றைய வேலை முழுவதும் குப்பை.

இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் வைத்தவர் எங்கள் தலைவர். எல்லோருக்கும் அவர் புரொஃப். காத்தோங்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்மணி. ஆய்வகத்தில் ஆங்கிலம்தான். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் பெரும்பாலும் ஏதாவது கெட்டுப்போனால்தான். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "நல்லா வந்திருக்கு புரொஃப்" என்று நான் ஓடினால், கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டு, "நல்லது கெட்டதைப் பிறகு பாப்பம். என்ன கண்டனீர்?" என்பார். எத்தனை செல், எத்தனை பச்சை, எத்தனை கறுப்பு என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

யாழினி என்ற ஆறு வயதுக் குழந்தையின் புரதம் எங்களிடம் வந்தது இப்படித்தான். அவளுடைய மருத்துவர் அனுப்பினார். அந்தப் புரதத்தின் அடையாளப் பகுதியில் ஒரே ஓர் இடம் பிறவியிலேயே மாறியிருந்தது. அதனால் அது உட்கருவுக்குள் போகவில்லை. அதனால் குழந்தையின் நரம்புகள், காலில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டு வந்தன. குழந்தை இன்று இல்லை. ஒன்பது வயதில் போய்விட்டாள். இதைக் கடைசிவரை மறைத்து வைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்காது, இப்போதே சொல்லிவிட்டேன். அவள் போனது என் தவறால் இல்லை. என் தவறு வேறு.

செந்தில் என்று திருச்சியிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சியாளர் இந்தப் புரதத்தைக் கையில் எடுத்திருந்தார். புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஒரு பழைய மருந்து, சுமக்கும் புரதத்தின் பிடியைக் கொஞ்சம் இறுக்குகிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். இறுகப் பிடித்தால் கெட்ட அடையாளத்தோடும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் அல்லவா? மருந்து போடாத செல்கள் ஒரு வரிசை, மருந்தை நான்கு அளவுகளில் போட்ட செல்கள் நான்கு வரிசை, இப்படி மூன்று தட்டு செய்து தரச் சொன்னார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்து போட்ட வரிசைக்கும் போடாத வரிசைக்கும் டிஜிட்டோனின் கரைசலை ஒரே குழாயிலிருந்து எடுக்க மாட்டோம். ஒரு துளி மருந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. மருந்து போடாததற்கு நீல மூடி போட்ட குழாய், மருந்துக்குச் சிவப்பு மூடி. காவல் சிலைடை எப்போதும் நீல மூடியிலிருந்துதான் செய்வோம். சுத்தத்துக்காக வைத்த வழக்கம், நல்ல வழக்கம்தான்.

அன்று மருந்து வரிசைகள் நான்கு மடங்கு என்பதால், சிவப்பு மூடிக் குழாயில் இருப்பது போதாது என்று தொடங்கும் முன்பே தெரிந்தது. பழைய குப்பி தீர்ந்திருந்தது. புதிய குப்பியை உடைத்து, பழைய அளவிலேயே கரைத்து, சிவப்பு மூடியில் நிரப்பினேன். சோதிக்க அரை நாள் வேண்டும். செல்கள் பதமாக வளர்ந்து நின்றன. செந்தில் பக்கத்தில் வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'இத்தனை வருடத்தில் எத்தனை குப்பி பார்த்திருக்கிறேன்' என்ற திமிர் வேறு. பதிவுப் புத்தகத்தில் "புதிய குப்பி, சோதித்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சோதிக்கவில்லை.

மூன்று தட்டிலும் ஒரே முடிவு. மருந்து போடாத வரிசை கறுப்பு. மருந்து போட்டவை பச்சை. காவல் சிலைடு சுத்தமாகக் கறுப்பு. புரொஃப் நான்கு முறை கேள்வி கேட்டார், பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார், கையெழுத்திட்டார். செந்திலின் வேலை ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். மனைவியை அழைத்துவர வீடு பார்க்கத் தொடங்கினார். கேக் வெட்டினோம், நானும் சாப்பிட்டேன்.

சில வாரம் கழித்து மருத்துவர் குழந்தையின் அம்மாவை ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார். பெயர் மாலா. செம்பவாங்கில் எங்கள் பழைய வீட்டுக்கு நான்கு பிளாக் தள்ளி வீடு. ஒரு டப்பா நிறைய ஒண்டே ஒண்டே என்கிற தேங்காய்ப்பூ உருண்டைப் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். நான்தான் சிலைடை வைத்து, குவியத்தைத் திருத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அக்கா, இதுல எது என் பிள்ளையோடது?"

"அந்தப் பச்சைம்மா. உள்ள போயிருக்கு பாருங்க."

ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனைக் குழு எங்கள் படங்களையும் பார்த்து, வேறு வழியே இல்லாத குழந்தை என்பதால், அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க அனுமதித்தது. கடுமையான மருந்து. கல்லீரலைக் கெடுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்து சாதாரணச் சளி வந்தால்கூடக் குழந்தை தாங்க மாட்டாள். ஒரு வியாழக்கிழமை தொடங்குவதாக ஏற்பாடு.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, வேறொருவரின் சோதனைக்காக நீல மூடியும் காலியாகி, அதையும் அதே புதிய குப்பியிலிருந்து நிரப்பினேன். காவல் சிலைடைப் பார்த்தேன். உட்கரு எல்லாம் சிவப்பு. ஒன்றுகூடப் பாக்கி இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று தட்டிலும் மருந்து எதையும் செய்யவில்லை. சிவப்பு மூடிக் கரைசல் சவ்வைக் கிழித்திருக்கிறது, புரதம் கிழிசல் வழியாக விழுந்திருக்கிறது. நீல மூடியில் பழைய கரைசல் இருந்ததால் அந்த வரிசை கறுப்பாகவே இருந்தது, காவல் சிலைடும் நல்லதாகவே காட்டியது. எங்கள் சுத்தமான வழக்கமே என் பொய்யை மூடி வைத்திருந்தது.

அப்போது எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். அதையும் எழுதிவிடுகிறேன். கரைசலில் இன்னும் நீர் கலந்துவிட்டு அன்றைய வேலையை முடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். மாலா கையைப் பிடித்த இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பிறகு புரொஃபின் அறைக்குப் போனேன்.

"புரொஃப், குப்பி மாறியிருக்கு. புதுசு ரொம்ப வேகமா இருக்கு. செந்தில் தட்டுல சிவப்பு மூடிக்கு அதான் போயிருக்கு."

கண்ணாடியைக் கழற்றினார். தமிழில் பேசினார்.

"குப்பி மாறினது விளங்குது. புத்தகத்தில சோதிச்சது எண்டு எழுதினது ஆர்?"

"நான்தான்."

"சோதிச்சனீரா?"

"இல்ல."

திட்டுவார் என்று நின்றேன். அவர் தொலைபேசியை எடுத்து மருத்துவரிடம், வியாழக்கிழமை எதையும் தொடங்க வேண்டாம், நாளை மத்தியானம் காரணம் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நாளைக்குக் காலமை திருப்பிச் செய்யும்."

"வேற யாராவது செய்யட்டும் புரொஃப். என் கை வேணாம்."

"இல்லை. உம்மட கைதான் வேணும். வேற ஆள் செய்தா, கை மாறினதால வந்த வித்தியாசம் எண்டு சொல்லுவினம். குப்பியைத் தவிர வேற ஒண்டும் மாறக்கூடாது." கதவருகே நான் போன பிறகு, "புத்தகத்தில அந்தப் பக்கத்தில நானும் கையெழுத்து வைச்சனான்" என்றார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். பழைய குப்பியின் அதே எண் கொண்ட குப்பி ஒன்று மேல்மாடி ஆய்வகத்தில் இருந்தது, கடன் வாங்கினேன். நான்கு சிலைடு. பழைய குப்பியில் மருந்தில்லாமல் ஒன்று, மருந்தோடு ஒன்று. புதிய குப்பியில் அதேபோல இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் சிலைடு. மருந்து, அன்று போட்டதிலேயே அதிகமான அளவு. ஐந்து நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம், பனிக்கட்டி மேல் வைத்துக் கழுவுவது மூன்று முறை. ஒரு துளி சிந்தவில்லை.

எங்கள் வழக்கப்படி, சிலைடு செய்தவர் எண்ணக்கூடாது, எண்ணுகிறவருக்கு எது எது என்று தெரியக்கூடாது. மூன்றாவது ஆள் ஒருவர் லேபிளைக் காகித டேப்பால் மறைத்து, தான் விரும்பிய எண்ணைப் போட்டு, விவரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். புரொஃப் அதற்குச் செந்திலை அழைத்தார். இந்த முடிவில் யாருக்கு அதிகம் நஷ்டமோ அவர் கையிலேயே விவரச் சீட்டைக் கொடுத்தார். செந்தில் தனியறைக்குப் போய் டேப் ஒட்டி, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

இருட்டாக்கிய அறையில் புரொஃப் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சிலைடிலும் நூறு செல். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கறுப்பு, கறுப்பு, பச்சை, கறுப்பு. அவசரப்படவே இல்லை. நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது என்று ஒரு சிலைடை முதலிலிருந்து எண்ணினார். முடிக்கப் பதினொன்றரை ஆனது. விளக்கைப் போட்டார்.

"செந்தில், ரீட் இட் அவுட்."

செந்தில் சீட்டைப் பிரித்தார். அவர் நினைத்திருந்தால் இரண்டு எண்களை மாற்றிப் படித்திருக்கலாம். அந்தக் காகிதம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. ஒவ்வொன்றாக, தெளிவாகப் படித்தார். பழைய குப்பி, மருந்து இல்லை: கறுப்பு. பழைய குப்பி, மருந்து உண்டு: கறுப்பு. புதிய குப்பி, மருந்து இல்லை: பச்சை. புதிய குப்பி, மருந்து உண்டு: பச்சை. புதிய குப்பியின் காவல் சிலைடுகள் இரண்டும் சிவப்பு. மருந்து ஒன்றுமே செய்யவில்லை.

புரொஃப் மருத்துவரை அழைக்க வெளியே போனார். செந்தில் சீட்டை மேசையில் வைத்து, கசங்கிய ஓரத்தை நீவிவிட்டார்.

"அக்கா, சோதிக்கலன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ராத்திரி உக்காந்து செஞ்சிருப்பேனே. ஏன்க்கா சரின்னு எழுதுனீங்க?"

மன்னிச்சுடுங்க தம்பி என்றேன். அவர் தலையை ஆட்டினார், அது மன்னித்த ஆட்டம் இல்லை. நீட்டித்த ஒப்பந்தம் ரத்தானது. புரொஃப் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். ஆண்டு முடிவில் செந்தில் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். இன்றுவரை எனக்கு ஒரு வரி எழுதியதில்லை, எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை. இனி இரண்டு மூடியிலிருந்தும் தனித்தனியாகக் காவல் சிலைடு என்று புரொஃப் விதியை மாற்றினார். வித்யா, நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

ஆனால் அந்தப் புதன்கிழமை அதோடு முடியவில்லை. மாலாவிடம் மருத்துவர் சொல்வதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றேன். "கட்டாயம் இல்லை" என்றார் புரொஃப். "காட்டினது நான்தான்" என்றேன். மூன்று மணிக்கு மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில் மருத்துவர், மாலா, புரொஃப், நான் என்று நான்கு பேரும் உட்கார்ந்தோம். மருத்துவர் ஆங்கிலத்தில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். மாலா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அப்ப நான் பார்த்தது?"

"உங்க பிள்ளையோட புரதம்தான்மா. ஆனா அது தானா உள்ள போகல. நான் சரியா சோதிக்காத ஒரு கரைசல் சவ்வைக் கிழிச்சுடுச்சு, அதனால உள்ள விழுந்திருக்கு. சோதிச்சேன்னு பொய்யா எழுதி வச்சது நான்தான். மருந்து ஒன்னும் செய்யல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு, மருத்துவரை விட்டுவிட்டு, புரொஃபை விட்டுவிட்டு, என்னைத்தான் கேட்டாள்.

"நாளைக்கு அவ கிளாஸ்ல எல்லாரையும் மிருகம் பாக்க ஜூவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. மருந்து ஆரம்பிக்கிறாங்களேன்னு வரமாட்டான்னு எழுதிக் குடுத்துட்டேன். நேத்தெல்லாம் ஒரே அழுகை. இப்ப அனுப்பலாமாக்கா?"

நான் மருத்துவரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

"அனுப்புங்கம்மா" என்றேன். "இப்பவே டீச்சருக்கு போன் பண்ணுங்க."

அவள் அங்கேயே, எங்கள் முன்னாலேயே போன் செய்தாள்.